நிற்கத் தெரிந்த யந்திரம்

ஜப்பான் தேசத்தில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த ஸாகிச்சி டொயோடா, பல வருஷங்கள் இடைவிடாது முயன்று, 1924-ஆம் ஆண்டில் பூரணப்படுத்திய தானியங்கித் தறியைப் பற்றிப் பேசுகிறவர்கள், அது எவ்வளவு வேகமாக நெய்தது என்பதையும், ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவை மாற்றிக்கொண்டது என்பதையும் வியந்து சொல்வது வழக்கம். அந்த வியப்பு நியாயமானதே. ஆயினும் அத்தறியின் குணங்களுள் மிக உயர்ந்ததென்று எனக்குத் தோன்றுவது அதன் வேகமன்று. பாவு நூல்களில் ஒன்று அறுந்தாலும், ஊடை நூல் அறுந்துபோனாலும் தீர்ந்துபோனாலும், எவரும் வந்து கைவைக்காமலே அது உடனே நின்றுவிடும் என்பதுதான். இதைப் போன்ற தறிகளில், ஒவ்வொரு பாவு நூலின் மேலும் ஒரு மெல்லிய உலோகத் தகடு தொங்கிக்கொண்டிருக்கும். நூல் விறைப்பாக இருக்கும் வரையில் தகடு மேலே நிற்கும். நூல் அறுந்த கணமே தகடு கீழே விழும். விழுந்த தகடு அங்கே அசைந்துகொண்டிருக்கும் ஒரு சட்டத்தைத் தடுக்கும். அத்தடையினாலேயே தறிக்குச் சக்தி வருகிற வழி விலகி, ஓட்டம் நிற்கும். மின்சார மூளை எதுவும் இல்லாத காலத்தில், நூலின் எடை தாங்கும் சக்தி ஒன்றையே சாட்சியாக வைத்துக்கொண்டு, தன் வேலையில் பிழை நேர்ந்துவிட்டதென்பதை ஒரு யந்திரம் அறிந்துகொண்ட விதம் இது.

நின்றுவிடுகிற தறி எப்படி அதிகமாக நெய்யும் என்று ஒருவர் ஐயுறலாம். நிற்கத் தெரியாத தறி, நூல் அறுந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் பழுதான துணி சுருளில் ஏறிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க வேண்டுமானால், தறியின் பக்கத்திலேயே ஒரு ஜோடிக் கண்கள் இமைக்காமல் காவல் இருக்க வேண்டும். நிற்கத் தெரிந்த தறிக்கோ காவல் வேண்டியதில்லை. நின்ற தறியிடம் மட்டும் போய் நூலை முடிந்துவிட்டு வந்தால் போதும். ஆகையினால் ஒருவரே முப்பது தறிகளைக்கூடப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இந்தக் கருத்து முழுவதும் டொயோடாவுக்கே சொந்தமென்று சொல்லுவது சரித்திரத்துக்குச் செய்யும் அநியாயமாகும்; அமெரிக்காவில் நார்த்ராப் தறி முந்தைய நூற்றாண்டின் இறுதியிலேயே பாவு அறுந்தால் நிற்கும் உபாயத்தோடு சந்தைக்கு வந்துவிட்டது. எனினும், யந்திர நெசவுக்குத் தாயகமான இங்கிலாந்திலிருந்தே ஓல்டம் நகரத்துப் பிளாட் சகோதரர்கள் என்னும் புகழ்பெற்ற ஸ்தாபனம், ஒரு லட்சம் பவுன் தருவதாக 1929-ல் ஒப்பந்தம் செய்துகொண்டு டொயோடா தறியின் உரிமையை வாங்கியது என்றால், அதன் பரிபூரணம் எத்தகையதென்று ஊகித்துக்கொள்ளலாம். அவருடைய மகன் கீச்சிரோ தொடங்கிய மோட்டார் தொழில் 1937-ல் தனி ஸ்தாபனமாயிற்று. தறியில் பிறந்த அந்தக் கொள்கையும் அத்தொழிலோடு கூடவே சென்றது.

நம்முடைய காலத்தில், தொழிற்சாலைகளைப் பற்றிப் பேசும்போது, பாதுகாப்பு ஒரு தட்டிலும் உற்பத்தி மற்றொரு தட்டிலும் இருப்பதாகவும், ஒன்று தாழ்ந்தால்தான் மற்றொன்று உயருமென்றும் பலர் எண்ணுகிறார்கள். நிர்வாகிகளில் இப்படி எண்ணாதவர்களும் இப்படியே நடந்துகொள்கிறார்கள். யந்திரங்களின் அமைப்பைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால், இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தியது இயற்கையுமன்று, பொருளாதாரமுமன்று, குறைபட்ட வடிவமைப்பே என்பது விளங்கும்.

ரோபோ என்று நாம் அழைக்கும் யந்திரக் கை தொழிற்சாலைக்குள் முதன்முதலாக நுழைந்தது 1961-ல். ஜார்ஜ் டெவால் என்பவர் 1954-ல் விண்ணப்பித்த கண்டுபிடிப்பை, ஜோஸப் எங்கல்பெர்கர் என்னும் பொறியியலாளர் தொழிலாக வளர்த்தெடுத்தார்; அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்திலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை ஒன்றில், உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்தெடுக்கும் இடத்தில், கொதிக்கும் வார்ப்புகளை எடுத்து வைக்கும் வேலை அதற்குக் கொடுக்கப்பட்டது. மனிதன் செய்தால் கை வெந்துபோகக்கூடிய வேலை அது. ஆகவே ரோபோ பிறந்ததே மனித உடலைக் காப்பாற்றுவதற்காக என்று சொன்னாலும் மிகையாகாது. ஆனால் அந்த யந்திரத்துக்குக் கண்ணில்லை, ஸ்பரிசமில்லை. தன் பாதையில் நிற்பது வார்ப்பா மனிதனா என்பதை அறிய அதற்கு மார்க்கமில்லை. தன் நூல் அறுந்ததை அறிந்த தறியைவிட, இந்த விஷயத்தில், அது பின்தங்கியிருந்தது. அதனால், யந்திரத்தை ஒரு வேலிக்குள் அடைத்து, மனிதனை வேலிக்கு வெளியே நிறுத்துவதே பாதுகாப்பு என்று ஆயிற்று.

அந்த வேலிகளின் கதையைச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். 1979-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25-ஆம் தேதி, மிச்சிகன் மாகாணத்தில் பிளாட் ராக் என்னும் ஊரிலிருந்த போர்டு ஸ்தாபனத்தின் வார்ப்புச் சாலையில், அடுக்குகளிலிருந்து வார்ப்புகளை எடுத்துவரும் ஒரு தானியங்கி அமைப்பு கணக்கைத் தவறாகக் காட்டிக்கொண்டிருந்தது. வேலை தாமதமாகாமல் இருக்கும் பொருட்டு, இருபத்தைந்து வயதுத் தொழிலாளி ஒருவர் தாமே அடுக்கின் மேல் ஏறிப் பொருளை எடுக்கப் போனார். யந்திரம் நின்றிருக்கவில்லை, ஓசையில்லாமல் வந்த அதன் கை அவர் தலையில் மோதியது, அந்த இடத்திலேயே அவர் இறந்துபோனார். மனிதனை ரோபோ கொன்ற முதல் நிகழ்ச்சி இதுவென்று பதிவாகியிருக்கிறது. அந்த யந்திரத்தைச் செய்து கொடுத்த ஸ்தாபனம் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யவில்லை என்று கண்ட ஜூரிகள், அவர் குடும்பத்துக்கு ஒரு கோடி டாலர் நஷ்டஈடு அளிக்கும்படி 1983-ல் தீர்ப்புக் கூறினார்கள்.

இரண்டு வருஷங்களுக்குப் பின், 1981-ல், ஜப்பானில் ஆகாஷி நகரத்துக் கவாஸாகி தொழிற்சாலையில் நிகழ்ந்த மரணம் இதைவிட அதிகமாகச் சிந்திக்க வைப்பது. அங்கே வேலி இருந்தது. அந்த வேலியின் கதவைத் திறந்தால் யந்திரத்துக்குச் செல்லும் சக்தி தானே துண்டிக்கப்படும்படியான ஏற்பாடும் இருந்தது. கோளாறான ரோபோவைப் பார்க்கச் சென்ற தொழிலாளி கதவைத் திறக்கவில்லை. வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே போனார். சக்தி முற்றிலும் அடங்காத யந்திரம் அசைந்து, அவரைப் பக்கத்திலிருந்த மற்றொரு யந்திரத்தோடு சேர்த்து அழுத்திவிட்டது.

மூன்றாவது நிகழ்ச்சி அமெரிக்காவில், அரிஸோனா மாகாணத்தில். அல்கோவா என்னும் பெரிய அலுமினிய ஸ்தாபனத்தின் தலைமையைப் பால் ஓநீல் என்பவர் 1987-ல் ஏற்றுக்கொண்ட ஆறு மாத காலத்துக்குள், அதன் ஆலை ஒன்றில் அலுமினியத் துண்டு சிக்கி பிரஸ் நின்றுவிட்டது. வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன இளைஞர் ஒருவர் மஞ்சள் நிறப் பாதுகாப்புச் சுவரைத் தாண்டிக் குதித்து, சிக்கிய துண்டைப் பிடுங்கி எறிந்தார். சிக்கல் நீங்கியது, நீங்கியதனாலேயே யந்திரம் மறுபடியும் புறப்பட்டது, அதன் கை அவரைத் தாக்கிக் கொன்றது. அவர் குதித்ததை மேலதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எவரும் தடுக்கவில்லை.

இம்மூன்று மனிதர்களையும் அஜாக்கிரதைக்காரர்கள் என்று சொல்லி மூடிவிடுவது எளிது. அவ்விதமே எத்தனையோ அறிக்கைகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். மூவரில் ஒருவர்கூடச் சோம்பலினால் சாகவில்லை. நின்றுபோன வேலையை நடக்கச் செய்ய வேண்டுமென்ற சிரத்தையே ஒவ்வொருவரையும் உள்ளே இழுத்துச் சென்றது. யந்திரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேளையில் இவர்களுக்கு எந்த அபாயமும் இல்லை. அது தடுமாறிய வேளையில், அதற்கு உதவப் போனபோதுதான் அபாயம் வந்தது. வேலி கட்டியவர்கள் ஒழுங்காக ஓடுகிற யந்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கட்டினார்கள். சிக்கிக்கொள்கிற, தவறாக எண்ணுகிற, துடைக்க வேண்டியதாகிற, திருத்த வேண்டியதாகிற யந்திரத்தை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. லிஸான் பெயின்பிரிட்ஜ் என்னும் ஆங்கில மனோதத்துவ அறிஞர் 1983-ல் எழுதிய ஒரு சிறு கட்டுரை, தானியங்கித் தொழில் முழுவதற்கும் பொருந்தும்படியாக இந்த உண்மையை எடுத்துக் காட்டியது: எளிய வேலைகளையெல்லாம் யந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, யந்திரத்தால் செய்ய முடியாத அரிய வேலைகளை மட்டும் மனிதனுக்கு விட்டுவைக்கிறோம், நாள்தோறும் செய்யாததனால் அவ்வேலைகளில் அவனுக்குப் பழக்கமும் தேய்ந்துவிடுகிறது, பழக்கம் தேய்ந்தவனையே, எல்லாம் தாறுமாறாகிவிட்ட விநாடியில், தவறாமல் நடந்துகொள்ள வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம்.

ஜெர்மனியில் தொழில் விபத்துக் காப்புச் சங்கங்கள் உலோகத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, யந்திரங்களிலுள்ள பாதுகாப்புச் சாதனங்களில் ஏறத்தாழ 37 சதவீதம் நிரந்தரமாகவோ அவ்வப்போதோ செயலிழக்கச் செய்யப்படுகின்றன என்று மதிப்பிட்டது. நம்முடைய தொழிற்சாலைகளிலும் இதற்கு ‘பைபாஸ் போடுவது’ என்று பெயர். கதவு மூடியிருப்பதாக யந்திரத்தை நம்பவைக்க, கதவின் சுவிட்சில் ஒரு துண்டுக் கம்பியையோ உபரிச் சாவியையோ செருகி வைத்துவிடுவார்கள். ஒழுக்கக் கேடு என்று இதைக் கண்டிப்பதனால் மட்டும் பயனில்லை. ஒரு நாளைக்குப் பலமுறை உள்ளே கைவிட்டு ஒரு துண்டை நேராக்க வேண்டியிருக்கிறது என்றும், ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்தால் லைன் முழுவதும் நின்று, மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வரப் பத்து நிமிஷம் ஆகிறது என்றும் வைத்துக்கொண்டால், அங்கே பைபாஸ் போடும்படி தொழிலாளியைத் தூண்டுவது அந்த யந்திரமேயாகும். மாலையில் உற்பத்திக் கணக்கைக் கேட்கிற மேற்பார்வையாளரும், கேட்காமலே, அதையே தூண்டுகிறார்.

இனி, நிற்பது என்னும் காரியத்தை யந்திரத்துக்கு எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதைக் காண்போம். அதில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது.

முதற்கொள்கை, ‘ஓடு’ என்பதற்குத்தான் உத்தரவு வேண்டுமேயன்றி, ‘நில்’ என்பதற்கு உத்தரவு தேவைப்படக்கூடாது என்பது. ரயில் வண்டிக்கு ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் அமைத்த தானியங்கிக் காற்று பிரேக்கில் இக்கொள்கை மிகத் தெளிவாக விளங்கும். குழாயில் காற்றழுத்தம் இருக்கும் வரையில் பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால் பிரேக் பற்றிக்கொள்ளும். ஆகையினால் குழாய் உடைந்தாலும், பெட்டி கழன்றாலும், வண்டி தானே நிற்கும். தொழிற்சாலை யந்திரத்தின் அவசர நிறுத்தப் பொத்தானும் இப்படியே. மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் வடிவமாக இருக்கும் அந்தப் பொத்தானின் வழியாக மின்சாரம் எப்பொழுதும் ஓடிக்கொண்டிருக்கும்; பொத்தானை அழுத்துவது அந்த ஓட்டத்தை அறுப்பது. எலி கம்பியைக் கடித்தாலும், இணைப்பு கழன்றாலும், விளைவு பொத்தானை அழுத்தியதற்குச் சமம். அதற்குள்ளிருக்கும் தொடர்பு முனைகள் ஒட்டிக்கொண்டாலும் பிரியும்படி, ஸ்பிரிங்கை நம்பாமல், அழுத்துகிற கையின் பலமே நேராகச் சென்று அவற்றைப் பிரிக்கும். அழுத்திய பொத்தான் அழுந்தியபடியே நிற்கும். அதை விடுவித்தாலும் யந்திரம் ஓடத் தொடங்கிவிடக் கூடாது. ஓடச் செய்வதற்கு வேறொரு பொத்தானை, வேண்டுமென்றே, அழுத்த வேண்டும். அரிஸோனாவில் சிக்கல் நீங்கியவுடன் தானாகப் புறப்பட்ட அந்தக் கையை நினைத்துப் பார்த்தால், இந்தக் கடைசி விதி எதற்காக என்பது விளங்கும்.

ஒரு வழி பழுதுபட்டால் என்ன செய்வது? அதற்காக இரண்டு வழிகள் வைக்கிறார்கள். ஒரே பொத்தானில் இரண்டு ஜோடி முனைகள், இரண்டு தனிக் கம்பிகள், ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சுகள் இரண்டு. இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லுகின்றனவா என்று ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. பேச்சு மாறினால், எது பொய் என்று ஆராய்வதற்கு முன்பே யந்திரம் நின்றுவிடும். இன்றைக்கு ரிலேக்களின் இடத்தில் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன, கொள்கை அதுவேதான்.

ஆனால் நிற்பது என்றால் சக்தியை உடனே துண்டிப்பதுதான் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும் வேகத்தில் சுழலும் வாளுக்குச் சக்தியைத் துண்டித்துவிட்டால், அது தன் பழைய வேகத்தின் உந்துதலாலேயே நெடுநேரம் சுழன்றுகொண்டிருக்கும். மோட்டாரையே எதிர்விசையாகப் பயன்படுத்தி அடக்கினால் விரைவில் நிற்கும். பாரத்தைக் காந்தத்தால் பிடித்துக்கொண்டிருக்கும் கையில் சக்தியைத் துண்டித்தால், பாரம் கீழே நிற்பவன் தலையில் விழும். ஆகையால் சர்வதேச விதிகள் நிறுத்தத்தை மூன்று வகையாகப் பிரிக்கின்றன: சக்தியை அக்கணமே அறுப்பது ஒன்று, அடக்கி நிறுத்திய பின் அறுப்பது மற்றொன்று, அடக்கி நிறுத்தி, சக்தியை வைத்துக்கொண்டே அசையாமல் காத்திருப்பது மூன்றாவது. எந்த யந்திரத்துக்கு எந்த நிறுத்தம் தகும் என்று தீர்மானிப்பதில்தான் பொறியியலாளரின் விவேகம் வெளிப்படுகிறது. மூன்றாவது வகையைச் சரியான இடத்தில் பயன்படுத்தினால், மனிதன் உள்ளே போய் வந்தபின், யந்திரம் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். பத்து நிமிஷத் தாமதம் சில விநாடிகளாகச் சுருங்கும். கதவைத் தாண்டிக் குதிக்கும் ஆசையும் கூடவே சுருங்கும்.

மனித சுபாவத்தை அறிந்து செய்த சாதனங்களில் என்னை மிகவும் பரவசப்படுத்துவது, ரோபோவுக்கு வேலை கற்பிக்கிறவர் கையில் வைத்திருக்கும் பெட்டியின் பின்புறத்திலுள்ள மூன்று நிலைச் சுவிட்ச். கற்பிக்கிறவர் வேலிக்குள், யந்திரத்தின் அருகிலேயே நின்றாக வேண்டும். அச்சமயம் ரோபோவின் வேகம் விநாடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேற்போகாமல் கட்டுப்படுத்தப்படும். சுவிட்சை இதமாக, நடு நிலையில் அழுத்திக்கொண்டிருக்கும் வரையில்தான் யந்திரம் அசையும். கையை விட்டுவிட்டால் நிற்கும். இறுக அழுத்திவிட்டாலும் நிற்கும். பழைய சுவிட்சுகளுக்கு இரண்டே நிலைகள்: அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். ஆனால் திடீரென்று பயந்த மனிதன் கையில் உள்ளதை விட்டுவிடுவான் என்பது நிச்சயமில்லை. பலர் அதை இன்னும் இறுகப் பற்றிக்கொள்வார்கள். மின்சாரம் தாக்கியவனின் விரல்களும் சுருங்கியே போகும். இரண்டு விதமான பீதிக்கும் ஒரே பதில் தருகிறது இந்தச் சுவிட்ச். மனிதன் எப்படி இருக்க வேண்டும் என்று உபதேசிக்காமல், அவன் எப்படி இருக்கிறானோ அப்படியே ஏற்றுக்கொண்டு அவனைக் காப்பாற்றுகிறது.

தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் யந்திரங்களின் முன்னால் இன்று கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று தொங்குகிறது. ஒரு தூணிலிருந்து மற்றொரு தூணுக்கு அகச்சிவப்புக் கதிர்கள் வரிவரியாகச் செல்லுகின்றன. கை குறுக்கிட்டால் கதிர் மறையும், பிரஸ் நிற்கும். இத்திரையை யந்திரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது? இதற்குச் சர்வதேசத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 13855 என்னும் விதி ஒரு சூத்திரம் தருகிறது. அருகில் வரும் மனிதக் கை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நீளும் என்றும், தூரத்திலிருந்து நடந்து வரும் உடல் விநாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் வரும் என்றும் அது வைத்துக்கொள்கிறது. கதிர் மறைந்தது முதல் பிரஸ் முற்றிலும் நிற்கும் வரை ஆகும் நேரத்தை அந்த வேகத்தால் பெருக்கி, கதிர்களின் இடைவெளியில் விரல் நுழையக்கூடிய அளவுக்கு ஒரு சிறு தொகையையும் கூட்டினால், திரைக்கும் அபாய இடத்துக்கும் இருக்க வேண்டிய குறைந்த தூரம் கிடைக்கும்.

இந்தச் சிறு கணக்கைச் சிறிது போட்டுப் பார்த்தால், நான் இதுவரை சொல்லிவந்த விஷயம் எண்களாகவே கண்முன் நிற்கும். நிற்பதற்கு 0.2 விநாடி எடுக்கும் பிரஸுக்கு, கதிர்கள் நெருக்கமாக இருந்தால், திரை 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நல்ல பிரேக்கினால் அந்த நேரம் 0.15 விநாடியாகக் குறைந்தால், 30 சென்டிமீட்டரே போதும். ஒவ்வொரு தகட்டையும் வைக்கும்போதும் எடுக்கும்போதும் தொழிலாளியின் கை பத்துச் சென்டிமீட்டர் குறைவாக நீளுகிறது; ஷிப்டுக்கு ஆயிரம் தகடு என்று வைத்துக்கொண்டால், போக வர அந்தக் கை நானூறு மீட்டர் அலைச்சலைத் தவிர்க்கிறது. விரைவாக நிற்கத் தெரிந்த யந்திரம் விரைவாக வேலையும் செய்கிறது. அவ்விரண்டும் ஒரே சூத்திரத்தின் இரு பக்கங்கள். அதே சூத்திரம் ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. பிரேக் தேய்ந்து, நிற்கும் நேரம் மறுபடியும் 0.2 விநாடியாகிவிட்டால், திரை 30 சென்டிமீட்டரிலேயே இருக்கும். விளக்கு பச்சையாகவே எரியும். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகத் தோன்றும். ஆனால் கையைக் காப்பாற்றும் தூரம் அங்கே இல்லை. ஆதலால் பிரஸ் நிற்கும் நேரத்தைக் கருவி வைத்து அவ்வப்போது அளந்து பார்ப்பது மெயின்டெனன்ஸ் பகுதியினரின் கடமைகளுள் தலையாயது. செலவைக் குறைக்கும் முனைப்பில் இந்த அளவையைத் தள்ளிப்போடுகிற நிர்வாகம், தனக்குத் தெரியாமலே ஒருவருடைய விரல்களைப் பந்தயம் வைக்கிறது.

இப்பொழுது மறுபடியும் டொயோடாவுக்குத் திரும்புவோம். நெசவாலையில் வேலை தொடங்கி 1943-ல் மோட்டார் ஸ்தாபனத்துக்கு வந்த தைஇச்சி ஓனோ, தறிக்கு இருந்த நிற்கும் உரிமையை மனிதனுக்கும் வழங்கினார். லைன் நெடுகிலும் ஒரு கயிறு தொங்கும். எந்தத் தொழிலாளியும், பிழையையோ அபாயத்தையோ கண்டால், அதை இழுக்கலாம். இழுத்தவுடனே லைன் நின்றுவிடுவதில்லை. விளக்கு எரிந்து மணி ஒலிக்கும். குழுத் தலைவர் ஓடி வருவார். கார் அடுத்த இடத்துக்கு நகரும் எல்லைக்குள் குறை தீர்ந்தால் லைன் நிற்காமலே தொடரும். தீராவிட்டால், அந்த எல்லையில் நிற்கும். ‘நிறுத்து’ என்பதற்கும் ‘உதவிக்கு வா’ என்பதற்கும் ஒரே கயிறு என்பதால், அதை இழுக்க எவருக்கும் தயக்கமில்லை.

ஜப்பானியரின் சுபாவத்துக்கே இது பொருந்தும் என்று சொன்னவர்களுக்குக் கலிபோர்னியாவிலுள்ள பிரீமான்ட் நகரம் விடையளித்தது. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திவந்த தொழிற்சாலை, தரக்குறைவுக்கும் தொழில் தகராறுகளுக்கும் பெயர்போனதாகி, 1982-ல் மூடப்பட்டது. 1984-ல் டொயோடாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தபோது, பழைய தொழிலாளர்களையே பெரும்பாலும் வேலைக்கு அமர்த்தினார்கள். அவர்கள் தலைக்குமேல் கயிறு ஒன்று புதிதாகத் தொங்கியது. நெடுங்காலம் ஆகாமலே, அமெரிக்காவில் மிக நேர்த்தியான கார்களைச் செய்யும் சாலைகளுள் ஒன்றாக அது மாறியது. கயிறு ஒன்றே காரணமென்று நான் சொல்லவில்லை. பயிற்சியும் நிர்வாக முறையும் கூடவே மாறின. ஆயினும், நிறுத்தும் அதிகாரத்தைத் தாழ்ந்த படியிலிருப்பவன் கையில் கொடுத்தால் உற்பத்தி சீர்குலையும் என்ற அச்சம் அங்கே பொய்யாயிற்று.

இன்றைய தொழிற்சாலைகள் தங்கள் திறமையை அளப்பதற்குக் கையாளும் எண் ஒன்று உண்டு. செய்இச்சி நாகாஜிமா என்பவர் பரப்பிய முறை அது. யந்திரம் ஓட வேண்டிய நேரத்தில் எத்தனை பங்கு ஓடியது, ஓடியபோது உரிய வேகத்தில் எத்தனை பங்கில் ஓடியது, செய்த பொருளில் எத்தனை பங்கு நல்லது என்னும் மூன்று பின்னங்களையும் பெருக்குவார்கள். முறையே 90, 95, 99 சதவீதம் இருந்தால் பெருக்குத்தொகை ஏறக்குறைய 85 சதவீதம்; அதையே உலகத்தரம் என்று கொண்டாடுகிறார்கள். பயனுள்ள அளவைதான். ஆனால், கதவின் சுவிட்சில் கம்பி செருகிய அன்றைக்கு இந்த எண் உயரும். அந்த உயர்வு எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. ஆகையினால் இதன் பக்கத்தில், எத்தனை காப்புகள் செயலிழந்து கிடக்கின்றன, ஏன் கிடக்கின்றன என்னும் கணக்கையும் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அல்கோவாவின் ஓநீல், பதவியேற்ற தொடக்கத்திலேயே, பங்குச் சந்தைக்காரர்கள் கூடிய சபையில், லாபத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலாளர் காயமடைவதைப் பற்றிப் பேசி அவர்களைத் திகைக்க வைத்தவர். அரிஸோனா மரணத்துக்கு நிர்வாகமே, முதன்மையாகத் தாமே, பொறுப்பு என்று அவர் ஏற்றுக்கொண்டார். அவர் வந்தபோது நூறு தொழிலாளருக்கு 1.86 ஆக இருந்த, வேலைநாள் இழக்கச் செய்யும் காயங்களின் விகிதம், 2000-ஆம் ஆண்டளவில் 0.2 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் ஸ்தாபனத்தின் லாபமும் பல மடங்கு பெருகியது. ஒரு காயம் ஏன் நேர்ந்தது என்று உண்மையாக ஆராயப் புகுந்தால், யந்திரம் ஏன் சிக்கியது, உலோகம் ஏன் தரம் மாறியது, செய்தி ஏன் மேலே வரவில்லை என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை காண நேருகிறது. விரயத்துக்கும் விபத்துக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே.

வேலியையே நீக்கிவிடும் முயற்சிகளும் இப்போது நடக்கின்றன. மனிதன் அருகில் வர வர, லேஸர் சென்சார் அளக்கும் தூரத்துக்கேற்ப வேகத்தைக் குறைத்து, மிக அருகில் வந்தால் நின்று, விலகினால் தானே தொடரும் ரோபோக்கள் உண்டு. மனிதனைத் தொட்டாலும் காயப்படுத்தாத அளவுக்கு விசை குறைந்த ரோபோக்களும் உண்டு. உடலின் எந்தப் பாகம் எவ்வளவு அழுத்தத்தை வலியின்றித் தாங்கும் என்பதற்கு 2016-ல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. விதிப்புத்தகம் ஒன்று அட்டவணையே தருகிறது. இங்கே ஒரு மயக்கம் நேருவதுண்டு. கை மென்மையானதாக இருந்தும், அதன் நுனியில் கூரான கத்தி இருந்தால், அந்த ரோபோவைச் சாது என்று சொல்ல முடியாது. யந்திரத்தை மட்டும் பாராமல், அது செய்யும் வேலை முழுவதையும், அதன் அருகே நடமாடுகிறவர்களையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். பளுவான வேலைகளுக்கும், பெரும் வேகம் வேண்டிய வேலைகளுக்கும், வேலி இனியும் தேவைப்படும்.

ஆகவே, புதிதாக ஒரு தானியங்கி லைனை வாங்கப் போகிறவர்கள், விற்பவரிடம் அது மணிக்கு எத்தனை உருப்படி செய்யும் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், வேறு சில கேள்விகளையும் கேட்க வேண்டும். ஒரு துண்டு சிக்கினால், எந்த வழியாக உள்ளே போவது? உள்ளே ஒருவர் இருக்கும்போது வெளியிலுள்ளவர் அறியாமல் ஓட்டிவிடாதபடி, மறு தொடக்கப் பொத்தான் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? அங்கிருந்து உள்பக்கம் முழுவதும் தெரிகிறதா? பழுது பார்க்கிறவர் தம் சொந்தப் பூட்டைப் போட்டுச் சக்தியை அடைத்துவைக்க இடமிருக்கிறதா? கதவைத் திறந்து, சிக்கலை நீக்கி, மூடி, மறுபடியும் முழு வேகத்தில் ஓடத் தொடங்க எத்தனை விநாடி ஆகிறது? இவற்றுக்கு விடையை அச்சிட்ட விவரப் புத்தகத்தில் தேடாமல், யந்திரத்தை ஓடவிட்டு, வேண்டுமென்றே ஒரு துண்டைச் சிக்கவைத்து, அந்த லைனில் நாளைக்கு வேலை செய்யப் போகிறவரையே உள்ளே அனுப்பி, கடிகாரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த விநாடிகள் அதிகமாயிருந்தால், விலை பேசுவதற்கு முன்பே லைனைத் திருத்தித் தரச் சொல்ல வேண்டும்.